அம்மாவை மெசினில போட்ட கதை

ஸ்காபுரோ
மாசி மாதம், வெளியில மைனஸ் 17

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் விசயம்: அம்மா உயிரோட இருக்கிறா. இப்பவும் குசினியில நிண்டு, நான் வெங்காயம் வெட்டினது பெரிசாப் போச்செண்டு பேசிக்கொண்டிருக்கிறா. சந்தியில ஆரும் கேட்டால் இந்த வரியை மட்டுமாவது வாசிச்சுக் காட்டுங்கோ. போன கிழமை அங்கயிருந்து எனக்குப் பதினொரு போன். பெரியப்பான்ர மோன் "செத்தவீடு அங்கயோ இஞ்சயோ" எண்டு கேட்டான். இன்னொருத்தர் கண்ணீர் அஞ்சலிக்கு அம்மான்ர படம் ஒண்டு அனுப்பட்டாம். சிரிக்காத படமா வேணுமாம்.

பிழை அம்மாவிலதான். "இரவில மெசினோடதான் கிடக்கிறன், சுகர் ஒம்பது" எண்டு உங்களுக்குச் சொல்லிப்போட்டா. நீங்கள் அதைப் பக்கத்து வீட்டில சொல்ல, கதை வேலியால விழுந்து, பரந்தன் சந்தியில முல்லைத்தீவு பஸ் ஏறியிட்டுது. பஸ் தருமபுரம் தாண்டேக்க அம்மா ஐசீயூவில. விசுவமடுவில இறங்கேக்க டொக்டர்மார் கைவிட்டாச்சு.

எங்கட ஊரில மெசின் எண்டால் ரெண்டுதானே. ஒண்டு தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிறது. மற்றது, ஆஸ்பத்திரியில ஆளைப் போடுறது. "மெசினில போட்டாச்சாம்" எண்டு ஒரு ஆள் சொன்னால் மற்ற ஆள் செத்தவீட்டுக்கு எந்த வளவில வாழைமரம் நிக்குதெண்டு பாக்கத் துவங்கீடும்.

சுகர்க் கதையை முதல் முடிப்பம். கனடாவில சுகர் எழுதுற கணக்கு வேற. இஞ்சத்தை எண்ணை 18ஆல பெருக்கினால் அங்கத்தை எண் வரும். 9 எண்டால் 162. அது சாகிற கணக்கில்லை, மூண்டாவது அப்பத்தின்ர கணக்கு.

இனி மெசின். அம்மான்ர குறட்டை உங்களுக்குத் தெரியாததில்லை. யாழ்தேவி வருகுதெண்டு எங்கட நாய் எழும்பிக் குலைச்ச குறட்டை அது. இஞ்ச ஒரு நாள் இரவு உடம்பெல்லாம் வயர் ஒட்டிப் படுக்க வைச்சு எண்ணிப் பாத்தவை. நித்திரையில மணித்தியாலத்துக்கு 34 தரம் மூச்சு தடைப்படுகுதாம். 30க்கு மேல போனாலே கடுமையெண்டுதான் கணக்கு. டொக்டர் தொண்டைப் படம் ஒண்டைக் காட்டி இங்கிலிசில விளங்கப்படுத்தினார். அம்மா படத்தை விட்டிட்டு என்ர முகத்தைப் பாத்தா.

"அம்மா, தொண்டைக்குள்ள ஒரு ஒடுக்கமான இடம் கிடக்கு. ஆனையிறவு மாதிரி. ரெண்டு பக்கமும் தண்ணி, நடுவில ஒரு பாதை. நீங்கள் நித்திரையானவுடன பாதையைப் பூட்டிப்போடுறாங்கள்" எண்டன்.

அம்மா டக்கெண்டு பிடிச்சிட்டா. "மணித்தியாலத்துக்கு 34 தரமோ? 2006 ஆவணியில சண்டையில பாதையை ஒருக்காப் பூட்டினதுக்கே யாழ்ப்பாணச் சனம் பட்ட பாடு!"

அந்தப் பாதையைத் திறந்து வைச்சிருக்கிறதுதான் இந்த மெசின்ர வேலை. சீப்பாப் எண்டு பேர். மூக்கில ஒரு மூடி, அதில இருந்து நீளக் குழாய், கட்டிலடியில ஒரு சின்னப் பெட்டி. பெட்டி காத்தை அழுத்தி அனுப்பும், அந்தக் காத்து தொண்டையை ஒட்ட விடாது. அவ்வளவுதான். 1980 அளவில சிட்னியில கொலின் சலிவன் எண்ட டொக்டர், வீடு கூட்டுற மெசின்ர மோட்டரைக் கழட்டிப் பூட்டித்தான் முதல் ஒண்டைச் செய்தவராம். அம்மாவுக்கு அவரில உடன மரியாதை வந்திட்டுது. பரந்தன் சந்தி மெக்கானிக்மார் செய்யிற வேலையெல்லோ.

ஆனால் முதல் நாள் இரவு பத்து நிமிசம் போகேல்ல, மூடியைக் கழட்டிப்போட்டு எழும்பி இருந்திட்டா. லைற்றைப் போட்டன்.

"என்னம்மா, இறுக்கமோ?"

"இல்லையடா. வண்டு சுத்துது."

அக்கா, உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2008இல எங்கட தலைக்கு மேல இரவிரவா இரைஞ்சுகொண்டு நிண்டதுக்குச் சனம் வைச்ச பேர். முந்திப் பீப்பாக் குண்டு போட்ட பிளேனுக்குச் சகடை, ஆளில்லாமல் வந்ததுக்கு வண்டு. நானும் பெட்டிக்குக் கிட்டக் காதை வைச்சுக் கேட்டுப் பாத்தன். சரியா அந்த இரைச்சல்தான், தூரத்தில கேக்கிற மாதிரி. லைற்றை நிப்பாட்டாமலே படுத்தம். ஒரு கிழமை மெசின் அலுமாரிக்குள்ள கிடந்தது. இன்சூரன்ஸ்காரர் வேற, பாவிக்காட்டித் திருப்பித் தாங்கோ எண்டு போன்.

பிறகு ஒரு சனிக்கிழமை பகல், சும்மா பழகிப் பாருங்கோ எண்டு மாட்டி விட்டன். சின்னவன் அறைக்குள்ள ஓடி வந்தான். மூக்கில இருந்து வயிறு மட்டும் தொங்கிற குழாயைப் பாத்திட்டு, "அப்பம்மா ஆனை! அப்பம்மா ஆனை!" எண்டு கத்தினான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்திட்டுது. சிரிக்க மூடி இளகி, காத்துப் பக்கத்தால பூ... எண்டு பிளிறிச்சுது. அதுக்குப் பிறகு ஆரையும் பிடிக்கேலாது.

அண்டைக்கு வைச்ச பேர்தான் ஆனையிரவு. இரவில வாற ஆனையாம். எழுத்து பிழையெண்டு நான் சொன்னன், பள்ளிக்கூடத்துக்குப் போகாத ஆனைக்கு எந்த "ற" எழுதினால் என்ன எண்டா. இப்ப ஒம்பது மணியானால் "ஆனைக்குத் தண்ணி வைச்சியோ?" எண்டு குரல் வரும். உண்மையாத்தான். பெட்டிக்குள்ள ஒரு தட்டு இருக்கு, காத்து வறளாமல் இருக்க அதுக்குள்ள வடிச்ச தண்ணி விட வேணும். நாலு லீற்றர்ப் போத்தல் காசு குடுத்து வாங்கிறம். இரணைமடுத் தண்ணி குடிச்சு வளந்த எனக்கு இப்ப ஆனைக்குப் போத்தல் தண்ணி. வாயைத் திறந்து படுத்தால், ஆனையிறவு பூட்டேக்க சனம் கிளாலியால போன மாதிரி, காத்து வாயால தப்பிப் போயிடும். அதுக்கு நாடிக்கு ஒரு பட்டி.

இந்தப் பேர் வைக்கிற பழக்கம் அத்தானிட்ட இருந்துதான் எங்களுக்குத் தொத்தினது. அவர் தன்ர ஜெய்ப்பூர்ப் பொய்க்காலுக்கு மாப்பிள்ளை எண்டு பேர் வைச்சதை ஞாபகம் வைச்சிருக்கிறியளோ? "என்ர காலை எடுத்துக்கொண்டு வா எண்டு பிள்ளையளிட்டச் சொல்ல ஒரு மாதிரிக் கிடக்கு, மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா எண்டால் சந்தோசமா ஓடிப் போகுதுகள்" எண்டார். என்னோட வேலை செய்யிற பெடியன் ஒருத்தன் ஜெய்ப்பூர்க்காரன். அவனுக்குத் தன்ர ஊர்க் காலைப் பற்றி ஒண்டும் தெரியாது. 1968இல ராம் சந்திர சர்மா எண்ட கைவினைக்காரரும் டொக்டர் சேத்தியும் சேந்து செய்தது, ரப்பர்ப் பாதம், சப்பாத்துத் தேவையில்லை, குந்தி இருக்கலாம், சேத்துக்க இறங்கலாம் எண்டு நான்தான் வகுப்பெடுத்தன். யாழ்ப்பாணத்தில 1987இல இருந்து இதுக்கெண்டே ஒரு நிலையம் இருக்கெண்டு சொல்ல வாயைப் பிளந்தான். உங்கட மாப்பிள்ளை எங்கட அத்தானோட சேந்து வயல் விதைக்கிறவர் எண்டு சொல்லி முடிச்சன்.

எங்கட அடுக்குமாடியில ஏழாம் மாடியில ஒரு ஐயா இருக்கிறார், முந்திப் பரந்தன் கெமிக்கல் பக்டரியில வேலை செய்தவர். அவருக்கு ஒட்சிசன் மெசின். சிலிண்டரும் இல்லை ஒண்டுமில்லை, அறைக் காத்தை இழுத்து, நைதரசனை உள்ளுக்க பிடிச்சு வைச்சுக்கொண்டு மிச்சத்தைத் தரும். 21 வீத ஒட்சிசன் 90க்கு மேல ஏறும். அவர் வைச்ச பேர் பக்டரி. "அங்க உப்பில இருந்து குளோரின் எடுத்தம், இஞ்ச காத்தில இருந்து ஒட்சிசன் எடுக்கிறன். அங்க சம்பளம் தந்தவை, இஞ்ச கரண்ட் பில் நான் கட்டுறன்" எண்டார். அவற்ற மனிசி தள்ளிக்கொண்டு திரியிற சில்லு வைச்ச நடைவண்டிக்கு லான்ட்மாஸ்டர். ரெண்டு பிடியும் பிரேக்கும் அச்சு அசல் வயல் உழுற அந்த வண்டிதான். லிப்ற்றுக்குள்ள அதைத் திருப்பத்தான் கலப்பை கழட்ட வேணும் போல கிடக்கும்.

என்ரையும் சொல்லிவிடுறன், வேற வாயால கேட்டால் எனக்கும் வாழை வெட்டிப்போடுவியள். எனக்கும் சுகர். கையில காசளவில ஒரு வட்டம் ஒட்டியிருக்கு, என்ன திண்டாலும் போனுக்கு அறிவிக்கும். பேர் விதானையார். அவருக்குத் தெரியாமல் இந்த வீட்டில ஒரு இடியப்பம் அசையாது. 14 நாளுக்கு ஒருக்கா இடமாற்றம், இடக்கையில இருந்து வலக்கைக்கு. இன்சுலினைக் கண்டுபிடிச்சது 1921இல இதே ரொறன்ரோவில. கண்டுபிடிச்சவை காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் குடுத்தவையாம். அப்பிடிப்பட்ட ஊரில இருந்துகொண்டு நான் விதானையாருக்கு ஒளிச்சுத் தொதல் தின்னுறன்.

பிரசர் மெசினுக்கு அம்மா பேர் வைச்சிருக்கிறா, சொல்ல மாட்டன். வந்தவுடன இறுக்கிப் பிடிச்சு, பிறகு பெருமூச்சு விட்டு, கடைசியில குறை சொல்லுற ஆள் எங்கட சொந்தத்தில ஆரெண்டு நீங்களே யோசியுங்கோ. கடிதம் அந்த வீட்டிலயும் வாசிக்கப்படும்.

நேற்று இரவு கணக்கு: மணித்தியாலத்துக்கு 3 தரம். 34இல இருந்து 3. காலமை பெட்டியின்ர திரையைப் பாத்திட்டு அம்மா கேட்டா, "அந்த மூண்டும் ஆற்ற வேலை?"

கூப்பிடுறா. ஆனைக்குத் தண்ணி வைக்கேல்லயாம். அத்தானையும் மாப்பிள்ளையையும் கேட்டதாச் சொல்லுங்கோ.

அன்புத் தம்பி

பி.கு.: படம் கேட்டவருக்கு அம்மான்ர படம் இதோட வைச்சிருக்கிறன். ஆனையோட எடுத்தது. சிரிச்சுக்கொண்டுதான் இருக்கிறா.