கேட்காதவர்கள் கேட்கும் வானொலி

பிரிட்டனில் ஸ்கேனர் வானொலி வாங்கலாம், விற்கலாம், வீட்டில் வைத்துத் துடைக்கலாம். விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசிக்கொள்வதை அதில் கேட்டால் மட்டும் குற்றம். 2006-ஆம் ஆண்டின் வயர்லெஸ் டெலிகிராஃபி சட்டம் அப்படி. கத்தரிக்காய் வாங்கலாம், குழம்பு வைக்கக் கூடாது என்கிற மாதிரி.

ஹீத்ரோவின் தெற்கு ஓடுபாதையை ஒட்டி, மிர்ட்டில் அவென்யூவில் ஒரு புல்வெளி. மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்கில் டீ, காதில் இயர்போன். எல்லாரும் கிரிக்கெட் வர்ணனைதான் கேட்கிறார்கள். விமானம் கண்ணில் படும் முன்பே கேமரா அந்தப் பக்கம் திரும்புவது தற்செயல்.

அப்படி என்ன ரகசியம்? "ஸ்பீட்பேர்ட், 27 லெஃப்ட், தரையிறங்கலாம்." விமானி அதையே திருப்பிச் சொல்வார்; சொல்லியே ஆக வேண்டும். அடுத்த விமானத்துக்கும் அதே வசனம். ஒன்பதை 'ஃபைவ்' என்று யாரும் குழப்பிக்கொள்ளாதபடி 'நைனர்' என்பார்கள். மூன்று, 'ட்ரீ'. சுவாரசியம் அவ்வளவுதான்.

வீட்டில் பால் வாங்கி வரச் சொன்னது ஒரு தடவைகூடக் காதில் விழாத மனிதர், இதைத் தூறலில் நனைந்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறார், பேட்டரி தீரும்வரை.