முனுசாமிகள் பலர்: கேள்வி-பதில்

பழைய பதிவேடுகளின் படங்களைக் கணினியில் பார்த்து, அவற்றிலுள்ள பெயர், தந்தை பெயர், வயது, ஊர் முதலியவற்றைத் தேடுவதற்கு ஏற்ற பட்டியலாகத் தட்டெழுதித் தருவது பெயரடைவுப் பணி எனப்படும். ஊதியம் பெறாமல் இதைச் செய்யும் தன்னார்வலர்களின் உழைப்பால்தான் பல குடும்பங்கள் தம் முன்னோரைக் கண்டடைகின்றன. திருவள்ளூர் மாவட்டத்து வாசகர்களின் கேள்விகளில் ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வரும் சிக்கலைப் பற்றியவற்றுக்கு மட்டும் இங்கு விடை தரப்படுகிறது.

கேள்வி: ஒரே பட்டியலில் முனுசாமி என்று இருவர் வந்தால், ஒருவரை நீக்கிவிடலாமா? (பொன்னேரி வாசகர்)

பதில்: கூடாது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற 1,52,184 இந்தியரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையிலிருந்து கப்பலேறியவர்கள். அவர்களுள் முதல் தொகுதியினரை ஏற்றிச் சென்ற ‘ட்ரூரோ’ 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. இக்கப்பல்களின் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணும், அதனுடன் தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடல் அடையாளம் ஆகியவையும் குறிக்கப்பட்டன. எண் வேறாக இருக்கும்வரை ஆளும் வேறு என்று கொள்வதே முறை. முனுசாமிகளுக்குப் பஞ்சமில்லாத சீமையில் இன்னொரு முனுசாமியைப் பிழை என்று கருதுவதுதான் பிழை. ஒருவரே இரண்டு இடங்களில் பதிவாகியிருந்தால், சான்று கிடைக்கும் நாளில் அவ்விரண்டையும் எவரேனும் இணைத்துக்கொள்ளலாம். இருவரை ஒருவராக்கிவிட்டாலோ, காணாமற்போனவர் ஒருவர் இருந்தார் என்பதே பின்னால் வருவோர்க்குத் தெரியாது.

கேள்வி: இந்த வட்டாரத்தில் மட்டும் ஏன் இத்தனை ஒரே பெயர்கள்? (திருத்தணி வாசகர்)

பதில்: குற்றம் கடவுளரைச் சேர்ந்தது. திருவள்ளூர்ப் பெருமாளின் பெயரால் வீரராகவன்களும், திருத்தணி முருகனின் பெயரால் தணிகாசலங்களும், எல்லைக்கு அப்பாலிருந்து அருள்பாலிக்கும் திருப்பதியின் பெயரால் ஏழுமலைகளும், பெரியபாளையத்து அம்மனின் பெயரால் பவானிகளும் தலைமுறைதோறும் பிறந்துகொண்டே இருக்கிறார்கள். இதற்குமேல், தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமும் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக்கும் வழக்கமும் கைகோத்துக்கொள்கின்றன. சுப்பிரமணியின் மகன் சு. முருகன், அவர் மகன் மு. சுப்பிரமணி, அவருக்குப் பிறக்கும் மகன் மறுபடியும் சு. முருகன். தலைப்பெழுத்து உட்பட எல்லாம் பொருந்திவருவதால், வயதையோ பதிவின் ஆண்டையோ கவனியாத தன்னார்வலர் தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆளாக்கி, நூற்றைம்பது ஆண்டு வாழவைத்துவிடக்கூடும்.

கேள்வி: ஆளுக்கோர் எண் கொடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததல்லவா? (கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிலாளி)

பதில்: தொழிற்பேட்டையில் இருப்பவரே இப்படிக் கேட்பது வியப்பு. வருங்கால வைப்புநிதி உறுப்பினர் எத்தனை வேலை மாறினாலும் ஒரே எண்ணில் தொடர வேண்டும் என்பதற்காக 2014-ல் வந்தது 12 இலக்க யு.ஏ.என்.; ஆனால் பழைய எண்ணைத் தெரிவிக்காமல் அடுத்த காண்டிராக்டரிடம் சேர்ந்தவர்கள் பலருக்கு இரண்டாவது எண்ணும் பிறந்தது. நேட்டாலிலும் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பி, பிறகு மீண்டும் கப்பலேறியவர் புதிய எண் பெறுவது இயல்பே. ஆகவே எண் வேறானாலும் ஆள் ஒருவராகவே இருக்கும் வாய்ப்பு உண்டு. எனினும் அதை ஆராய்ந்து முடிவுசெய்வது குடும்ப வரலாற்றாய்வாளரின் கடமையே தவிர, பட்டியலைத் தட்டெழுதுவோரின் கடமை அன்று. அவர் இரண்டு எண்களையும் உள்ளது உள்ளபடி பதிந்துவிட்டு அடுத்த வரிக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: ஊரை வைத்துப் பிரித்தறியலாமே? (திருவள்ளூர் வாசகர்)

பதில்: அறியலாம், ஊர் ஒத்துழைத்தால். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டலில் செங்கல்பட்டு மாவட்டத்துத் திருவள்ளூரும் தஞ்சை மாவட்டத்துத் திருவாரூரும் ஓரெழுத்து வேறுபாட்டில் நிற்பதுண்டு என்பதால், அருகிலுள்ள மாவட்டப் பெயரையும் சேர்த்துப் பதியாதவர் வீரராகவப் பெருமாளின் ஊர்க்காரரைத் தியாகராசர் தேருக்கு வடம்பிடிக்க அனுப்பிவிடுவார். மாவட்டமும் நிலையானதன்று: திருத்தணி 1911 வரை வடஆர்க்காட்டிலும், அதன்பின் சித்தூரிலும் இருந்து, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்து செங்கல்பட்டில் சேர்ந்து, 1997-ல் திருவள்ளூர் மாவட்டத்துக்கு உரியதாயிற்று. வீட்டை விட்டு நகராத ஒருவர் ஏடுகளில் நான்கு மாவட்டத்தாராகத் தோன்றுவது இதனால்தான். பதிவில் உள்ள மாவட்டத்தை இன்றைய மாவட்டமாகத் ‘திருத்துவது’ உதவி ஆகாது.

கேள்வி: பக்கத்தின் படமே இரண்டு முறை வந்திருந்தால்? (மீஞ்சூர் வாசகர்)

பதில்: அது ஒன்றே மெய்யான இரட்டிப்பு. கிறுக்கலும் கறையும் உட்பட எல்லாம் ஒன்றாக இருந்தால் இரண்டாவதை ‘மறுபடம்’ என்று குறித்துவிட்டு நகரலாம். ஆனால் மூல ஏடும் அதைப் பார்த்து எழுதிய படியும் தனித்தனி ஆவணங்கள். படியெழுதியவர் செய்த பிழையும் வரலாற்றுக்குச் சான்றாகும் என்பதால் இரண்டையும் பதிய வேண்டும்.

கேள்வி: இத்தனை பாடு எதற்கு? கணினியே கண்டுபிடித்துவிடாதா? (ஊத்துக்கோட்டை வாசகர்)

பதில்: கண்டுபிடிக்கும், அளவுக்கு மீறியும் கண்டுபிடிக்கும். அமெரிக்காவில் 1918-ல் காப்புரிமை பெற்ற ‘சவுண்டெக்ஸ்’ என்னும் முறை, எழுத்துக்கூட்டல் மாறினாலும் ஒலியால் நெருங்கிய பெயர்கள் ஒன்றுசேரும்படி, முதலெழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, எஞ்சிய மெய்களுக்கு எண் தருவது. ஆங்கிலப் பெயர்களுக்காகப் பிறந்த இம்முறையில், ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட முனியனும் முனியம்மாவும் ‘எம்550’ என்ற ஒரே குறியீட்டைப் பெறுகிறார்கள். ‘இவ்விருவரும் ஒருவரோ?’ என்று கணினி கேட்கும்போது பாலையும் வயதையும் தந்தை பெயரையும் பாராமல் ‘ஆம்’ என்று அழுத்திவிட்டால், முனியம்மாவைத் தேடி டர்பனிலிருந்து வரும் கொள்ளுப்பேத்திக்கு முனியன் மட்டுமே எதிர்ப்படுவார்.