ராசாவுக்குப் புத்தி சொல்லப் போறியாலே?

ஏலே பேராண்டி, பெரிய இடத்துல யோசனை சொல்லுத உத்தியோகம் கெடச்சிருக்காம்லா? நல்லாரு. உங்க முதலாளி பெரிய பக்திமானாமே, அதான் யோசனையா இருக்கு. போக்கிரிகிட்டகூட வேலை பாத்துரலாம். சாமியாரா இருக்க ராசாகிட்டதாம்ல பாடு.

பிரான்சு தேசத்துல ஒன்பதாம் லூயின்னு ஒரு ராசா. 1226ல 12 வயசுல பட்டத்துக்கு வந்தவரு. ஏசுநாதர் தலையில வச்ச முள்முடி இதுதாம்னு ஒண்ணை 1,35,000 லிவ்ர் பணம் குடுத்து வாங்கினாரு. அதை வைக்கக் கட்டுன கோயிலுக்கு ஆனது 40,000தான். மாட்டைவிடத் தொழுவம் மலிவு, பாத்துக்க.

அதோட விட்டாரா? 1247ல, தன் அதிகாரிமாரு எவன்கிட்ட எதைப் புடுங்குனாம்னு ஊரூரா விசாரிக்க சன்னியாசிகளை அனுப்பிச்சாரு. கணக்குப்பிள்ளை வந்தா ஒரு பங்கு குடுத்துச் சரிக்கட்டலாம். பிச்சையெடுத்துச் சாப்பிடுத சாமியாருக்கு என்னத்தலே குடுக்க? 1254ல ஒரு சட்டமும் போட்டாரு: அதிகாரி வெகுமதி வாங்கப்படாது, சூதாடப்படாது. பெறகு எதுக்குலே உத்தியோகம்?

அவருகிட்டயும் ஒருத்தர் காலந்தள்ளுனாரு. ஷாம்பேன் சீமைக்காரரு, ஜுவான்வீல்னு பேரு. பெரிய வியாழனுக்கு ஏழை காலைக் கழுவுதியான்னு ராசா கேட்டாரு. "சீ, நான் மாட்டேன்"ன்னுட்டாரு மனுசன். ஆனா எந்தக் காலை மிதிக்கணும்னு அவருக்குத் தெரியும்.

சிலுவைப்போருக்குப் போன எடத்துல, 1250ல எகிப்துச் சண்டையில ராசா பிடிபட்டாரு. மீட்புப்பணம் 4,00,000 லிவ்ர். பாதியை மொதல்ல தராசுல நிறுத்துக் குடுக்கணும். எடை போட்டு முடிச்சதும் கூட இருந்த பிரபு ஒருத்தன், "எதிரியை 10,000 ஏமாத்திட்டோம்"னு ராசா முன்னாடியே பெருமையடிச்சான். ராசாவுக்குக் கோவம் வந்துட்டு. வாக்குன்னா வாக்கு, எதிரிக்குக் குடுத்தாலும்! ஜுவான்வீல் பைய அவன் காலை மிதிச்சு, "நம்பாதீங்க, நிறுக்கதுல அவங்களை ஏமாத்த முடியுமா?"ன்னாரு. அவனும் வெளையாட்டுக்குச் சொன்னேன்னு மழுப்புனான். ராசா விடலையே! கொறைஞ்சிருந்தா குடுத்துருங்கன்னுட்டாரு.

விடுதலையான பெறகு ஆக்கர் பட்டணத்துல வச்சு, ஊருக்குத் திரும்பலாமான்னு ராசா கேட்டாரு. முக்காவாசிப் பேரு திரும்பலாம்னாக. இருக்கணும்னு சொன்ன கொஞ்சப் பேர்ல இவரு ஒருத்தரு. சபையே கேலி பண்ணுச்சு. ராசா இருந்தாரு.

17 வருசங் கழிச்சு ராசா மறுபடியும் சிலுவைப்போருக்குக் கெளம்பணும்னாரு. "நீயும் வா"ன்னாரு. "போன தடவை நான் இல்லாதப்போ அதிகாரிமாரு என் குடியானவங்களை உறிஞ்சிட்டாங்க. வரமாட்டேன்"னுட்டாரு ஜுவான்வீல். ராசா போறதுதாம் சரின்னு தலையாட்டுனவங்களும் இருந்தாங்க. நடக்கத் தெம்பில்லாத ராசாவை ஒரு வீட்டுலேர்ந்து இவரே கையில தூக்கிட்டுப் போயிருக்காருலே. அப்படிப்பட்ட உடம்பு கடல் தாண்டலாமா? 1270ல துனிசு மண்ணுல சீக்குல போய்ச் சேர்ந்துட்டாரு.

1297ல அவரைப் புனிதர்னு அறிவிச்சாங்க. அதுக்கான விசாரணையில சாட்சி சொன்னவங்கள்ல இந்த ஜுவான்வீலும் ஒருத்தர். தலையாட்டுனவங்க ராசாவைக் கடல் தாண்ட வச்சாங்க. மாட்டேன்னவரு அவருக்காகச் சாட்சி சொன்னாரு.

ஆகவே பேராண்டி, உத்திராட்சம் வாங்காத. மாட்டேன்னு சொல்லப் பழகு. எங்க, இப்பமே பாப்போம். ஓடிப் போயி தாத்தாவுக்கு வெத்தல வாங்கிட்டு வாலே.

அட, உடனே எந்திரிச்சிட்டியே! நீ எங்க தேற.