கருணையில் நிகரில்லாத கவுன்சில்

பிரிட்டனின் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலைப் போல மனம் இரங்கத் தெரிந்த அமைப்பைக் காண்பது அரிது. 1858-இல் சட்டம் இயற்றி அதை உருவாக்கினார்கள். யாரை நம்பி உடம்பைக் காட்டலாம் என்று ஊருக்குச் சொல்ல ஒரு பதிவேடு; அதில் பெயரைச் சேர்க்கவும் நீக்கவும் அதிகாரம். சேர்ப்பதற்குத் தேர்ச்சிச் சான்றிதழைப் பார்த்தால் போதும். நீக்காமல் இருப்பதற்குத்தான் பெரிய மனது வேண்டும். அந்த மனது கவுன்சிலிடம் தாராளமாக இருந்தது.

1976-இல் அது செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். யார்க்‌ஷயரில் டாட்மார்டன் என்றொரு சிற்றூர். அங்கே ஹரால்ட் ஷிப்மன் என்ற முப்பது வயதுக் குடும்ப டாக்டர், நோயாளிகளின் பெயரில் சீட்டு எழுதி பெத்திடின் என்ற போதை தரும் வலிமருந்தை வாங்கித் தனக்கே ஊசி போட்டுக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக் கணக்கைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர் அதே கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருந்த பெண். வழக்கு நடந்தது, ஷிப்மன் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 600 பவுண்டு அபராதம் விதித்தார்கள்.

கவுன்சில் அவரை எப்படி நடத்தியது தெரியுமா? மனநல மருத்துவர்களின் அறிக்கைகளைப் பொறுமையாகப் படித்தது. இளைஞர், பிள்ளைகுட்டிக்காரர், சிகிச்சை எடுத்துத் தேறி வருகிறார். விசாரணை கூட்டி நாலு பேர் முன்னால் நிறுத்தித் தலைகுனிய வைக்கவில்லை. எச்சரித்து ஒரு கடிதம் அனுப்பியது, அவ்வளவுதான். போதைக்கு அடிமைப்பட்டவனைக் குற்றவாளியாகப் பார்க்காமல் நோயாளியாகப் பார்த்த அந்தப் பண்பு உயர்ந்தது, மனதாரவே சொல்கிறேன். அந்தப் பெருந்தன்மை பக்கத்து அலுவலகத்துக்கும் பரவியிருக்க வேண்டும். அபின் வகை மருந்துகளை இவர் இனித் தொடக்கூடாது என்று தடைபோடும் அதிகாரம் உள்துறைக்கு இருந்தது. அதுவும் போடவில்லை.

மன்னிக்கப்பட்டவர் வீணாகப் போகவில்லை. 1977-இல் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற ஊருக்கு வந்தார். 1992-இல் மார்க்கெட் தெருவில் சொந்தமாக கிளினிக் போட்டார். மூவாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள். வீடு தேடி வருகிற டாக்டர், கிழவிகளிடம் உட்கார்ந்து பேசுகிற டாக்டர் என்று ஊரே கொண்டாடியது. படிப்பிலும் குறை சொல்ல முடியாது. புதிய சிகிச்சை முறைகள் தெரிந்தவர் என்ற பெயர் சக டாக்டர்களிடமும் இருந்தது. தகுதியைத் தக்கவைத்துக்கொள்வது என்றால் மருத்துவ இதழ் படிப்பதும் கூட்டங்களுக்குப் போவதும்தான் என்று வைத்துக்கொண்டால், ஷிப்மன் முதல் வகுப்பில் தேறியிருப்பார். கவுன்சிலின் பதிவேடு அவரைப் பற்றிச் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. அவர் டாக்டர் என்றது, டாக்டர்தான்.

அந்தப் பதிவேட்டின் அடக்கத்தையும் பாராட்ட வேண்டும். பழைய கதை எதையும் அது யாரிடமும் சொல்லவில்லை. 1998 மார்ச்சில், எதிர் கிளினிக்கில் இருந்த டாக்டர் லிண்டா ரெனால்ட்ஸ், ஷிப்மனின் நோயாளிகள் இப்படிச் சாகிறார்களே என்று மரண விசாரணை அதிகாரியிடம் போனார். அப்போது பிணத்தை எரிக்க இரண்டாவது டாக்டரின் கையெழுத்து வேண்டியிருந்தது. அந்தக் கையெழுத்துக்காக ஷிப்மனிடமிருந்து வந்த தாள்கள் ரெனால்ட்ஸின் கிளினிக்கில்தான் குவிந்தன. அடக்கம் செய்கிற கடைக்காரரின் குடும்பத்திலும் இதே கலக்கம்: வயதான பெண்கள், வெளியே கிளம்புகிறவர்களைப் போல உடுத்தியபடி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார்கள். போலீஸ் சில வாரம் விசாரித்துக் கோப்பை மூடியது. இவர் மேல் பழைய வழக்கு உண்டா என்று தேடவில்லை; கவுன்சிலிடமும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல கவுன்சிலுக்கு என்ன கடமை? அந்தக் கோப்பை மூடியபின் இன்னும் மூன்று பெண்கள் செத்தார்கள்.

மூன்றாமவர் கேத்லீன் கிரண்டி. வயது 81, ஹைடின் முன்னாள் மேயரின் மனைவி. அந்த வயதிலும் முதியோருக்கான மதிய உணவுக் கூடத்துக்குத் தவறாமல் போய் உதவுகிறவர். 1998 ஜூன் 24-ஆம் தேதி அவர் வரவில்லை என்று நண்பர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது சோபாவில் கிடந்தார். காலையில் ரத்தம் எடுக்கவென்று ஷிப்மன் வந்து போயிருந்தார். முதுமையால் மரணம் என்று எழுதிக் கொடுத்தவரும் அவரே. பிறகு ஒரு உயில் வெளிப்பட்டது: 3,86,000 பவுண்டு டாக்டருக்கு. கிரண்டியின் மகள் வழக்கறிஞர். தாயின் உயில் இப்படி இருக்காது என்று அவருக்குத் தெரியும். உடலைத் தோண்டி எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே மார்ஃபின், அபின் வகை மருந்து.

ஹைடில் ஒரு டாக்சி ஓட்டுநர் இருந்தார். தன் வண்டியில் வழக்கமாக ஏறும் பாட்டிமார் ஒவ்வொருவராக இறப்பதையும் எல்லோருக்கும் டாக்டர் ஒருவரே என்பதையும் கவனித்து, பெயர்களை எழுதி வைத்துக்கொண்டே வந்தார். கவுன்சிலோ அந்த ஓட்டுநரைப் போல ஒருவரைச் சந்தேகத்தோடு பார்க்கும் குணம் இல்லாதது. தன் பதிவேட்டில் ஏறியவரைத் தன் வீட்டுப் பிள்ளையாக நினைத்தது. டாக்டர்கள் கட்டும் சந்தாவில் நடந்த சபை. உறுப்பினர்களில் பெரும்பாலோர் டாக்டர்கள். அந்தப் பாசத்தில் என்ன தவறு காண முடியும்? ஷிப்மன் 1998 செப்டம்பரில் கைதாகிச் சிறைக்குப் போன பிறகும் பெயர் பதிவேட்டிலேயே இருந்தது. 2000 ஜனவரி 31-இல் பதினைந்து கொலைகளுக்கு ஆயுள் தண்டனை. பிப்ரவரியில், தீர்ப்பு முறையாக வந்துவிட்டதை உறுதி செய்துகொண்டு, கவுன்சில் பெயரை நீக்கியது. அவசரப்பட்டு யாருடைய பிழைப்பிலும் கை வைத்ததில்லை என்ற நற்பெயர் கடைசிவரை காப்பாற்றப்பட்டது.

நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையிலான விசாரணை 2002-இல் கணக்கெடுத்தது. உறுதியாக 215 பேர்: 171 பெண்கள், 44 ஆண்கள். இளையவருக்கு வயது 41, மூத்தவருக்கு 93. ஒரு கடிதத்தோடு முடிந்த கருணையின் செலவை யார் தலையில் ஏற்றினார்கள் என்று அந்தப் பட்டியலைப் படிக்கும்போது தெரிகிறது. கருணை பெற்றவர் ஒருவர். அதற்குக் கணக்குக் கொடுத்தவர்கள் அந்தப் பட்டியலில் ஏறக்குறைய எல்லோரும், அவர்களில் ஒருவரிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

2004 டிசம்பரில் வந்த அந்த விசாரணையின் ஐந்தாவது அறிக்கை கவுன்சிலையே எடைபோட்டது. டாக்டர்கள் தகுதியோடுதான் இருக்கிறார்களா என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை பார்க்கும் ரீவாலிடேஷன் என்ற திட்டம் ஒன்றைக் கவுன்சில் அப்போது கையில் வைத்திருந்தது. மறு ஏப்ரலில் தொடங்க இருந்தது. வேலை செய்யும் இடத்தில் ஆண்டுதோறும் நடக்கும் மதிப்பீட்டில் கலந்துகொண்டிருந்தால் ஏறக்குறைய எல்லோரும் தேறிவிடும்படி, யாருக்கும் மனக்கஷ்டம் வராமல் அமைத்திருந்தார்கள். இதனால் தகுதியற்றவரைக் கண்டுபிடிக்க முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். கவுன்சில் கோபித்துக்கொள்ளவில்லை. திட்டத்தை ஒத்தி வைத்தது. குழுக்கள் போட்டது, யோசித்தது, டாக்டர்களைக் கலந்தது. இன்று அங்கே வேலை செய்யும் நம்மூர் டாக்டர்கள் ரீவாலிடேஷன் நெருங்குகிறது என்று நோயாளிகளிடமும் கூட வேலை செய்வோரிடமும் கருத்துத்தாள் வாங்கிச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்களே, அது தொடங்கியது 2012 டிசம்பரில். நீதிபதியின் அறிக்கைக்குப் பிறகு முழுதாக எட்டு ஆண்டுகள். அத்தனை ஆண்டும், உங்கள் உரிமம் இன்னும் உங்களுக்குத் தகுமா என்று இந்த வகையில் கேட்டு எந்த டாக்டரையும் கவுன்சில் சங்கடப்படுத்தவில்லை.