செட்டுக்கு ஒருவர்

ஒவ்வொரு ப்ளஸ் டூ செட்டிலும் முதல் மார்க் எடுத்தவரை ஊருக்குத் தெரியும். கடைசி மார்க் எடுத்தவரை வாத்தியார்களுக்குத் தெரியும். இந்த இருவருக்கும் நடுவில், இரண்டு வருடமும் யார் கண்ணிலும் படாமல் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு முடிந்த மறுநாள் திடீரென்று விசுவரூபம் எடுப்பவர் ஒருவர் உண்டு. பிரிவு உபசார விழா என்ற ஒன்று இல்லாவிட்டால், அவர் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்ததற்கு வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு சாட்சி இருக்காது. அவரைச் செட்டுக்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

களமருதூர்ப் பக்கத்தில் எங்களுக்கு வாய்த்த செட்டுக்காரர் 1999 மார்ச்சில் ப்ளஸ் டூ எழுதியவர். நாங்கள் 1992இல் ஆறாம் வகுப்பு சேர்ந்தபோது எங்கள் ஊர் தென்னார்க்காடு மாவட்டம். 1993 செப்டம்பர் 30 அன்று விழுப்புரம் மாவட்டம் பிறந்தது, டி.சி.யில் ஏறியது அந்தப் பெயர். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராமலே மூன்று மாவட்டம் பார்த்த செட்டு நாங்கள். இதில் யாருக்கும் ஒரு பெருமையும் இல்லை, செட்டுக்காரரைத் தவிர. கள்ளக்குறிச்சி பிரிந்ததும் லெட்டர்பேடு மாற்றினார் அவர்.

முதலில் வசூல். தலைக்கு இருபது ரூபாய். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, பெயர், கொடுத்தது, பாக்கி என்று மூன்று கட்டம். மதிய இடைவேளையில், சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவப் போகிறவனை மறித்துக் கேட்பார். “அஞ்சு ரூபா வச்சுக்கோடா, மீதி வெள்ளிக்கிழமை தர்றேன்” என்பவர்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். பாக்கிக் கட்டத்தில் பதினைந்து என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். அந்த வட்டத்தின் வலிமை எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

வசூலான பணத்தில் ஒரு லட்டு, ஒரு கை மிக்சர், பேப்பர் கப்பில் ஆரஞ்சு ஜூஸ். மிச்சத்தில் பள்ளிக்கு அன்பளிப்பு. சுவர்க் கடிகாரம்தான் வழக்கம். தலைமையாசிரியர் அறையில் ஏற்கெனவே ஆறு கடிகாரம் ஆறு மணி காட்டிக்கொண்டிருந்ததால், எங்கள் செட்டு மின்விசிறி வாங்கியது. அதன் மூன்று இறக்கையிலும் ‘அன்பளிப்பு, 1998-99, XII பி பிரிவு’ என்று சிவப்புப் பெயின்டில் எழுத வைத்தார் செட்டுக்காரர். ஓடுகிற விசிறியில் யார் படிப்பார்கள் என்று கேட்டோம். “கரண்ட் போனா படிப்பாங்கடா” என்றார். 2008க்குப் பிறகு வந்த மின்வெட்டில் எங்களுக்குப் பின்னால் படித்த பிள்ளைகள் அத்தனை பேரும் அதை மனப்பாடம் செய்திருப்பார்கள்.

விழாவன்று மைக்செட்டில் ‘ரத்தத் திலகம்’ பாட்டு. 1963இல் கண்ணதாசன் ஒரு காலேஜ் பிரிவுக்காக எழுதியது, அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் யார் யாரைப் பிரிவதென்றாலும் கட்டாயமாகிவிட்டது. எங்கள் காலத்தில் ‘காதல் தேசம்’ பாட்டும் வந்துவிட்டது. மைக்செட்காரர் இரண்டையும் மாறி மாறிப் போட்டார். பாட்டுக்கு யார் அழுகிறார்கள், யார் அழவில்லை என்று செட்டுக்காரர் நோட்டம் விட்டபடியே நடந்தார். அழாதவர்கள் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். அவர் நின்ற இடத்தில் எல்லாரும் அழுதார்கள்.

குரூப் போட்டோ அவருடைய திறமைக்கு இன்னொரு சான்று. நாற்காலியில் ஆசிரியர்கள், பின்னால் தரையில் ஒரு வரிசை, அதற்குப் பின்னால் பெஞ்சு மேல் ஒரு வரிசை. வகுப்புத் தலைவி ஓரத்தில் நின்று பாதி முகம் தெரிய விழுந்திருக்கிறார். முன்னால் மண்ணில் சம்மணம் போட்டு, தலைமையாசிரியரின் காலடியில் சரியாக நடுவில், வகுப்புப் பெயர் எழுதிய சிலேட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவர் நம்மவர். சிலேட்டைப் பிடிக்கிறவனை யாரும் ஓரத்தில் உட்கார வைக்க முடியாது என்பதை அந்த வயதிலேயே கண்டுபிடித்தவர்.

ஆட்டோகிராஃப் நோட்டுக்கு வருவோம். உளுந்தூர்பேட்டை ஃபேன்சி ஸ்டோரில் வாங்கியது. ரோஸ், மஞ்சள், ஊதா என்று கலர் கலராகப் பக்கம். பிடித்த நடிகர், பிடித்த நிறம், லட்சியம், மறக்க முடியாத சம்பவம் என்று கேள்விகள். லட்சியம் என்ற இடத்தில் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கலெக்டர், மீதிப் பேர் டாக்டர். தொலைபேசி எண் என்ற இடத்தில் பெரும்பாலும் பி.பி. நம்பர், போன் வைத்திருந்த எதிர்வீட்டு ரைஸ் மில்காரர் நம்பரை ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். ஒருவன் ரத்தத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தான். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் அது பளிச்சென்று சிவப்பாக இருப்பதைப் பார்த்தால், குங்குமத்தைக் கரைத்திருக்கிறான் என்று தெரிகிறது. எல்லாரும் ஆளுக்கொரு நோட்டில் எழுதி வாங்கினோம், அடுத்த வருடம் அதைத் தொலைத்தோம். செட்டுக்காரர் தொலைக்கவில்லை. கடைசிப் பரீட்சையன்று பிரில் மை தெளித்துக்கொண்ட வெள்ளைச் சட்டையில் சுற்றி, துவைக்காமல், டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார்.

பிறகு ஆளுக்கொரு திசை. சென்னை, திருப்பூர், பெங்களூரு, சிங்கப்பூர். சிலர் ஆசிரியர் பயிற்சி, சிலர் போலீஸ். கரும்பும் உளுந்துமாக ஊரிலேயே இருந்தவர்கள் சிலர். கலெக்டர் யாரும் இல்லை. ஒவ்வொருவருக்கும் கல்யாணம் வந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி, நலங்கு முடிந்து மாப்பிள்ளை அக்கடாவென்று உட்காரும்போது, செட்டுக்காரர் அந்த நோட்டோடு மண்டபத்தில் நுழைவார். ‘மறக்க முடியாத சம்பவம்’ பக்கத்தை மச்சினர்கள் நடுவே சத்தமாக வாசிப்பார்.

இது எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. பக்கத்துத் திருநாவலூரில் பிறந்த சுந்தரர் புத்தூரில் மணக்கோலத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு கிழவர் பழைய ஓலையோடு வந்து, உன் பாட்டன் எழுதிக் கொடுத்தது இது, நீ எனக்கு அடிமை என்று கல்யாணத்தை நிறுத்தினார். சுந்தரர் கோபத்தில் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தார். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் வெளியே வந்தது. எங்கள் மாப்பிள்ளை ஒருவரும் நோட்டைப் பிடுங்கி, தன் பக்கத்தைக் கிழித்துவிட்டார். செட்டுக்காரர் சிரித்தார். மறுநாள் பந்தியில் அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ் சுற்றுக்கு வந்தது.

‘96’ படம் 2018 அக்டோபரில் வெளியானது. அதைப் பார்த்துவிட்டு வந்த ஆண்கள் எல்லாரும் தங்களை விஜய் சேதுபதி என்று நினைத்துக்கொண்டார்கள். படத்தில் வரும் ரீயூனியனுக்கு ஹால் பிடித்தவன் யார், கேட்டரிங் யார் என்று யோசித்தபடி வெளியே வந்தவர் செட்டுக்காரர் ஒருவர்தான். அந்த வாரமே வாட்ஸ்அப் குரூப் ஆரம்பமானது. அதிலிருந்து விலக முடியாது. ஆறு மணிக்கு வெளியேறினால் ஆறே காலுக்கு உள்ளே இருப்பீர்கள். “கை பட்டு வெளிய போய்ட்ட போல, சேத்துட்டேன் மாமா” என்று தனியாக ஒரு செய்தியும் வரும்.

இதில் கடைசிவரை பிடிபடாமல் இருந்தவன் ஒருவன். ஹாஸ்டலில் தங்கிப் படித்த கல்வராயன் மலைக்காரன். வெள்ளிமலைக்கு அப்பால் டவர் எடுக்காத ஊர். அவனுக்கும் விலாசம் அந்த ரோஸ் பக்கத்தில் இருந்தது. செட்டுக்காரர் கச்சிராயபாளையம் வழியாக பஸ் ஏறிப் போய், மரவள்ளிக் காட்டில் நின்றவனைக் கண்டுபிடித்து, அவன் கையிலிருந்த மண்ணைத் துடைத்து போனை வாங்கி, குரூப்பில் சேர்க்கப் பார்த்தார். சிக்னல் இல்லை. பாறை மேல் ஏறி, போனை உயரத் தூக்கிப் பிடித்துச் சேர்த்துவிட்டுத்தான் இறங்கினார். போன வேலை முடிந்ததும், அவன் போட்டுத் தந்த கடுங்காப்பியைக் குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டார். மற்றபடி இருவரும் என்ன பேசினார்கள் என்று கேட்டேன். “பேச என்னடா இருக்கு? கூடப் படிச்சான், அவ்ளோதான்” என்றார். இவருக்கு நட்பைவிடப் பட்டியலில்தான் பிரியம் என்று எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு சந்தேகம்.

பெண்களைத் தேடுவதுதான் கஷ்டம். இனிஷியல் மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும், போன் நம்பர் கணவர் பெயரில் இருக்கும். 2024இல் வெள்ளி விழாவுக்கு அழைக்க ஒரு வீட்டுக்குப் பேசியதை ஸ்பீக்கரில் கேட்டோம்.

“வணக்கம் சார். உங்க வீட்டம்மாவோட கிளாஸ்மேட் பேசறேன்.”

“எந்தக் கிளாஸு?”

“ப்ளஸ் டூ சார். சில்வர் ஜூபிலி வச்சிருக்கோம்.”

“அவங்க ஊர்ல இல்ல.”

பின்னால் குக்கர் விசில் அடித்தது. “யாருங்க போன்ல?” என்று பெண் குரல் கேட்டது. செட்டுக்காரர் அசரவில்லை. “ஊர்லேருந்து வந்ததும் சொல்லுங்க சார். நீங்களும் குடும்பத்தோட வரணும். சாப்பாடு மண்டபத்துலயே, உங்களுக்குத் தனியா காசு கிடையாது.” விழாவன்று அந்தக் கணவர்தான் முதல் ஆளாக வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். குலுக்கல் பரிசாகக் கிடைத்த ஹாட் பாக்ஸையும் அவரே வாங்கிக்கொண்டு போனார்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்களைக் கார் வைத்து அழைத்து வந்து சால்வை போட்டார்கள். பழைய பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட, நரைத்த தலைகள் எழுந்து “உள்ளேன் ஐயா” என்றன. இரண்டு பெயருக்குக் குரல் வரவில்லை. செட்டுக்காரர் தலையை ஆட்ட, வாத்தியார் அடுத்த பெயருக்குப் போனார். கடைசியில் பேசிய கணக்கு வாத்தியார் எல்லாரையும் பெயர் சொல்லி ஞாபகப்படுத்தி, மைக் பிடித்திருந்த செட்டுக்காரரை மட்டும் உற்றுப் பார்த்து, “தம்பி நீங்க எந்த செட்டு?” என்றார்.

அது ஒன்றும் அவரைப் பாதிக்கவில்லை. அன்று ராத்திரியே வரவு செலவு குரூப்பில் வந்துவிட்டது. தண்ணீர் கேன் வாடகைவரை எழுதி, கையிருப்பு நாற்பத்து மூன்று ரூபாய். இவ்வளவு சுத்தமான கணக்கை நான் எந்த அமைப்பிலும் பார்த்ததில்லை, ஆனாலும் அதில் அவர் அடித்திருப்பார் என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். அந்த நாலு பேரும் பணம் கொடுக்காதவர்கள்.

கொரோனாவால் 2021இல் ப்ளஸ் டூ பொதுத்தேர்வே ரத்தானது. பத்தாம் வகுப்பில் ஐம்பது விழுக்காடு, ப்ளஸ் ஒன்னில் இருபது, ப்ளஸ் டூ செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் முப்பது என்று கணக்குப் போட்டு மார்க் வந்தது. மை தெளிக்கவில்லை, மைக்செட் இல்லை, லட்டு இல்லை. அந்த செட்டின் செட்டுக்காரர் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். நடக்காத பிரிவு உபசாரத்தை ஈடுகட்ட வருடத்துக்கு ஒருமுறை நடத்துகிறார். பிரியவே இல்லை என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. நோட்டுக்குப் பதில் இன்ஸ்டாகிராம், ரைஸ் மில் நம்பருக்குப் பதில் க்யூ.ஆர். கோடு. பாக்கிக்கு மட்டும் அதே வட்டம்.

அரசுக்கும் இப்போது செட்டுக்காரர் தேவைப்படுகிறார். 2022இல் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்று திட்டம் தொடங்கி முன்னாள் மாணவர்களிடம் உதவி கேட்டார்கள். 2024இல் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் முன்னாள் மாணவர்களுக்கு இடம் வந்தது. எங்கள் செட்டுக்காரர் இப்போது பெஞ்சுக்கும் சுற்றுச்சுவருக்கும் வசூல் செய்கிறார்.

உங்களுக்கும் ஒருவர் போன் செய்வார். புது நம்பராக இருக்கும், எடுத்துவிடுங்கள். கேட்கிற தொகையை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். நான் அந்த வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்ன பதினைந்து ரூபாயை, வெள்ளி விழா மேடையில் மைக்கில் பெயர் சொல்லி வாங்கினார்கள்.