கத்தரி பிடித்த கை

ராஜாவையும் சாமியையும்தான் ஓவியர்கள் வரைவார்களா? என்னைப் போன்ற தையல்காரரை யார் வரைந்தார்கள்? (தாராவி வாசகர்)

பம்பாயில் பிறந்த ஒருவரே வரைந்தார்: பூபேன் கக்கர். 1934-ல் பிறந்தவர், சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட். 1962-ல் பரோடா போய், கணக்கு வேலை பார்த்துக்கொண்டே படம் போட்டார். 1972-ல் 'டீலக்ஸ் டெய்லர்ஸ்', 'ஜனதா வாட்ச் ரிப்பேரிங்' என்ற படங்கள். அடுத்த ஆண்டு முடிதிருத்தும் கடை. நீங்கள் தினமும் தாண்டிப் போகும் கடை போர்டுகள் மாதிரியே இருக்கின்றன அல்லவா?

அவருக்கு முன்னால் ஒருவருமே வரையவில்லையா? (மாட்டுங்கா வாசகி)

நிறைய வரைந்தார்கள். தஞ்சாவூர் ஓவியர்கள் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளைக்காரர்களுக்கு ஆல்பம் ஆல்பமாகப் போட்டுக் கொடுத்தார்கள். குயவர், தட்டார், நெசவாளர். கையில் தொழில் கருவி, பக்கத்தில் மனைவி. நுணுக்கம் அபாரம். ஆனால் பல படங்களில் பட்டறையே இருக்காது. இன்ன சாதி, இன்ன தொழில் என்று காட்ட நிற்கவைத்த ஆட்கள் அவர்கள். பைகுல்லாவில் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தின் களிமண் பொம்மைகளும் இதே ரகம். ஸ்லோ லோக்கல் ஏறிப் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். திரும்பும்போது தாராவியில் குயவர்கள் வாழும் கும்பார்வாடாவுக்கும் போங்கள். பொம்மையில் இல்லாத சூளைப் புகை அங்கே கண்ணைக் கரிக்கும்.

தொழிலாளி படம் நன்றாக வந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (செம்பூர் வாசகர்)

அதே தொழில்காரரிடம் காட்டுங்கள். இத்தாலியின் மொரோனி 1565–70 வாக்கில் வரைந்த தையல்காரர் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறார். மேஜையில் கறுப்புத் துணி, அதில் வெள்ளைச் சாக்பீஸ் கோடு. வலக்கையில் கத்தரி. வெட்டப் போகிற நேரத்தில் நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறார். தாராவி 90 அடி சாலையில் ஒரு கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டுப் பாருங்கள். கத்தரியைக் கீழே வைக்கமாட்டார். 'சீக்கிரம் சொல்லுங்க' என்று கண்ணே கேட்கும். பிரபுக்களை வரைந்த அதே மிடுக்கோடு ஒரு தையல்காரரை அன்றைக்கே வரைந்தாரே, அதற்காகவே மொரோனியை எனக்குப் பிடிக்கும்.

'டீலக்ஸ் டெய்லர்ஸ்' என்ன விலைக்குப் போயிற்று? (மறுபடியும் தாராவி)

பிரிட்டிஷ் ஓவியர் ஹோவர்ட் ஹாட்ஜ்கினிடம் இருந்த படம் அது. அவர் மறைந்த 2017-லேயே லண்டனில் ஏலம் போனது. சுமார் 11 லட்சம் பவுண்டு. அன்றைய மதிப்பில் நம் பணம் 9 கோடிக்கு மேல். பீஸ் ரேட்டுக்குக் காஜா எடுப்பவருக்கு இந்தக் கணக்கு வலிக்கும். எனக்கும் வலிக்கிறது.

மாமனார் தாராவியில் தோல் பை தைக்கிறார். அவரை வரைய என் மகளுக்கு ஆசை. போட்டோ எடுத்துக் கொடுக்கட்டுமா? (செம்பூர் வாசகி)

வேண்டாம். தாத்தா வேலை செய்யும்போது பக்கத்தில் உட்காரட்டும். தோல் சீவும் கத்தி எந்தப் பக்கம் சாய்கிறது, கட்டைவிரல் எங்கே அழுந்துகிறது, சீவிய துணுக்கு எங்கே விழுகிறது என்று முதலில் பார்க்கட்டும். முகத்தைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம். முடித்ததும் அவரிடமே காட்டி, கத்தியைப் பிடித்தது சரியா தாத்தா என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் திருத்தினால் அழித்துவிட்டு மறுபடி போடட்டும்.