வீட்டுக்கு ஓர் ஆள்

கே: ஹைட்டி நாட்டில் ஊரே கூடி ஒருவர் வயலில் வேலை செய்கிறார்களாமே? கம்பெனிகள் சூழ்ந்த நம் பக்கம் அதெல்லாம் நடக்குமா?
– வாசகி, செம்பரம்பாக்கம்

ப: நன்றாக நடக்கும்! அங்கே அதற்குப் பெயர் கொன்பிட். மேளம் கொட்டி, பாட்டுப் பாடி, இன்று உன் வயல், நாளை என் வயல். வயல்காரர் வீட்டில் சாப்பாடு.

நம்மிடம் அது குடிமராமத்து. கோடையில் ஏரி வற்றியதும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வருவார். வண்டலை வெட்டி வண்டியில் ஏற்றினால் ஏரிக்கு ஆழம், வயலுக்கு எரு. ஒரே கூடை மண்ணில் இரட்டை லாபம்! மதகும் கலங்கலும் வரத்துக்கால்வாயும் பிழைத்தது இப்படித்தான். உத்திரமேரூரில் கி.பி. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டிலேயே ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுத்த விவரம் இருக்கிறது. 1858-இல் வெள்ளைக்காரர்கள் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். மனமுவந்து செய்வதை மிரட்டி வாங்கினால் விளங்குமா? (மண் சுமந்தவர்களில் பலருக்குச் சொந்த நிலமே கிடையாது. அந்த அநியாயம் மட்டும் திரும்பவே கூடாது.)

2017-இல் உங்களுக்குப் பக்கத்து மணிமங்கலம் ஏரியில்தான் அரசு குடிமராமத்தை மறுபடி தொடங்கியது.

ஷிப்டுக்குப் போகிறவருக்கு ஏரி எதற்கு என்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளம் பட்டாவைப் பார்த்தா வீட்டுக்குள் வந்தது? மழைக்கு முன்பே தெருவுக்குப் பத்துப் பேர் சேருங்கள்; நீர்வளத் துறை அலுவலகத்தில் சொல்லிவிட்டு, வரத்துக்கால்வாய்க் குப்பையில் கை வையுங்கள்.